சீரியல் ட்ரெயிலருக்கு லொக்கேஷன்: ஆழியாறா, கோபியா, ஒரே ஒரு பழைய வீடா?

விஸ்காம்பையன்

வணக்கங்க. கோவையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருஷம் படிக்கிறோம். இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட், ஒரு மெகா சீரியலுக்கு மூன்று நிமிஷ ட்ரெயிலர். சீரியல் எடுக்கப் போவதில்லை, ட்ரெயிலர் மட்டும்தான். கதை, சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் ஒரு குடும்பம். அப்பா தவறியதும் அண்ணனும் தம்பியும் வீட்டையும் கிணற்றையும் பாகம் பிரிக்க நிற்கிறார்கள், மூத்த மருமகள் விடமாட்டேன் என்கிறாள்.

ஆழியாறு அணை, வால்பாறை எஸ்டேட், கோபி வயல், கொடிவேரி, மருதமலைப் படிக்கட்டு, ஒரு தறிக்குடோன், அப்புறம் திருப்பூரில் நண்பனின் புது வீடு என்று பட்டியல் போட்டிருக்கிறோம். ஆடி மாதம் இரண்டு நாள் ஷூட்டிங். கேமரா ஒன்று, காலர் மைக் இரண்டு, லைட் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நிறைய இடம் காட்டினால்தான் பெரிய சீரியல் மாதிரி தெரியும் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் எதை வெட்டுவது என்றும் தெரியவில்லை. இந்தப் பக்கம் ஷூட் பண்ணினவர்கள் யாராவது சொல்லுங்க.

கிளுவைவேலி

உங்களுக்குப் பட்டதுதான் சரி தம்பி. சினிமா ட்ரெயிலர் வேறு, சீரியல் ட்ரெயிலர் வேறு. நூறு எபிசோடு இந்த வீட்டுக்குள்ளேதான் நடக்கப் போகிறது, நாமும் தினமும் இதற்குள் வந்து போகப் போகிறோம் என்று பார்க்கிறவருக்குத் தோன்ற வேண்டும். அந்த வீடு மனதில் பதியாமல் ஆழியாறு, வால்பாறை என்று ஓடினால் டூரிஸம் விளம்பரம் பார்த்த மாதிரி இருக்குமே தவிர, யாருக்கும் யாருக்கும் என்ன சண்டை என்பதே நிற்காது.

முதலில் வால்பாறையை எடுத்துவிடுங்கள். ஆழியாற்றிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு, போய் வரவே ஒரு நாள் போய்விடும், நடுவில் பெரும்பகுதி ஆனைமலைப் புலிகள் காப்பகம், வனத்துறையிடம் கேட்காமல் ட்ரைபாட் வைக்கக்கூட இறங்க முடியாது. அணைக்கும் அனுமதி வேண்டும். அப்புறம், தறிக்காரர் குடும்பத்துக்கு டீ எஸ்டேட்டில் என்ன வேலை?

திருப்பூர் புது வீட்டையும் விடுங்கள். டைல்ஸ் தரை, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர், இதில் எப்படிப் பாகம் பிரிப்பீர்கள்? உங்கள் கதைக்கு வேண்டியது பழைய தொட்டிக்கட்டு ஓட்டு வீடு. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், உடுமலை சுற்றுக் கிராமங்களில் இன்னும் நிற்கின்றன, சில வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள், பூட்டியும் கிடக்கின்றன. வெளித்திண்ணை, ஆசாரம் என்கிற முன்கூடம், நடுவில் வானம் தெரியும் தொட்டி, தொட்டியைச் சுற்றித் தாழ்வாரம், பின்னால் சமையல்கட்டு, அதற்குப் பின்னால் கிணறு. அண்ணன் அறைக் கதவும் தம்பி அறைக் கதவும் தொட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதிரெதிரே இருக்கிற வீடாகப் பாருங்கள். மருமகள் நடுவில் நின்றால் போதும், வசனமே வேண்டாம். சீரியலின் உயிரே ஒருவர் பேச மற்றவர் கதவோரம் நின்று கேட்பதுதானே, அதற்கு இந்த வீட்டில் தூணும் நிலையும் தாராளமாக இருக்கும்.

வெளிச்சமும் மேலிருந்தே வரும், உங்களுக்கு லைட் இல்லாத குறை பாதி தீர்ந்தது. உச்சி வெயிலில் மட்டும் தொட்டிக்கு மேலே மெல்லிய வெள்ளை வேட்டியைக் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள், இல்லையென்றால் முகத்தில் பாதி வெளுத்துப் பாதி கருத்துவிடும். ஒரே வீட்டில் காலை திண்ணை, மதியம் உள்கட்டு, சாயங்காலம் கிணறு என்று நகர்ந்தால் ஏழெட்டு இடத்தில் எடுத்த மாதிரி இருக்கும்.

பல்லடம் சவுண்டு

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் ஏற்கிறேன், ஆனால் நீங்கள் சொன்ன மாதத்தைப் பார்த்தீர்களா? ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் நிற்கவே நிற்காது, அதனால்தான் அங்கே அத்தனை காற்றாலை. திண்ணையில் காலர் மைக் வைத்துப் பேசினால் குரலுக்குப் பதில் படபடவென்று துணி அடிக்கிற சத்தம்தான் கிடைக்கும். மைக்கை சட்டைக்கு உள்பக்கம் ஒட்டி, ஃபர் கவர் போடுங்கள். வசனம் உள்ள சீன் எல்லாம் வீட்டுக்குள், வெளியே எடுப்பது எல்லாம் வசனம் இல்லாமல், இப்படிப் பிரித்துக்கொண்டால் பிழைத்தீர்கள். ஊரில் மாரியம்மன் கோயில் நோன்பு எப்போது என்றும் விசாரியுங்கள். ரேடியோ செட் கட்டிவிட்டால் உங்கள் ஷூட்டிங் அவ்வளவுதான்.

காற்றை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். குண்டடம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே மருமகள் தனியாக நடந்து வர, சேலைத் தலைப்பு ஒரே திசையில் பறக்க, மேலே வாய்ஸ் ஓவர். டைட்டிலுக்கு அந்த ஒரு ஷாட் போதும், வீட்டிலிருந்து தூரமும் அதிகம் இல்லை.

தறிக்குடோனில் தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே வசனம் வைக்காதீர்கள், அண்ணன் தம்பி முகத்தை மட்டும் எடுங்கள். தறிச் சத்தத்தை ஒரு நிமிஷம் தனியாகப் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் எடுத்த சண்டைக்கு அடியில் அதை மெல்ல ஏற்றிவிட்டு, அப்பா இறக்கிற இடத்தில் சட்டென்று நிறுத்தினால் வேறு பின்னணி இசையே தேவைப்படாது. இன்னொன்று, குடோனில் ட்யூப் லைட் இருந்தால் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாத ஷட்டர் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

கோபி அக்கா

கோபி என்றதும் எல்லாரும் பச்சை வயல் என்று கிளம்பி வருகிறீர்கள். எங்கள் ஊரைக் குட்டிக் கோடம்பாக்கம் என்று சொல்லிச் சொல்லியே இப்படி ஆகிவிட்டது கண்ணு. கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் விட்டு, நாற்று நட்டு, அது பிடித்து வந்த பிறகுதான் நீங்கள் நினைக்கிற பச்சை. உங்கள் தேதியில் வயல் உழுதுபோட்ட சேறாகவும் இருக்கலாம், ஊரில் ஒருவரைக் கேட்காமல் வராதீர்கள். ஆடிப் பெருக்கை ஒட்டி கொடிவேரியில் கேமரா வைக்க இடமே கிடைக்காது. கீழ்பவானி வாய்க்காலில் மட்டும் யாரையும் இறங்கி நடிக்கச் சொல்லாதீர்கள், மேலே அமைதியாகத் தெரியும், உள்ளே இழுப்பு அதிகம்.

நான் எழுத வந்தது வேறு. அப்பா தவறுகிற காட்சி இருக்கிறது என்றீர்களே, அதை அந்த வீட்டுக்குள் எடுப்பீர்களா? குடியிருக்கிற வீட்டில் எழவு சீன் எடுக்க விடமாட்டார்கள், முன்னாடி சொல்லாமல் அங்கே போய் மாலையும் ஊதுபத்தியும் எடுத்தால் அந்த வீட்டு ஆத்தா மனசு எவ்வளவு சங்கடப்படும்? தாலி கழற்றுவது, விளக்கை அணைப்பது எதுவும் வேண்டாம். அவர் உட்கார்ந்த கட்டில் ஆசாரத்தில் காலியாகக் கிடக்கட்டும், தறி நிற்கட்டும், அதுவே போதும். கதை முழுவதையும் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கல்லூரி லெட்டர்பேடில் கடிதமும் கொடுங்கள்.

விஸ்காம்பையன்

ரொம்ப நன்றிங்க. இப்போதே பட்டியலை மாற்றிவிட்டோம். முதல் நாள் முழுக்க வீடு, இரண்டாம் நாள் காலை தறிக்குடோன், சாயங்காலம் குண்டடம். எழவு சீன் கிடையாது, காலிக் கட்டில்தான். எங்கள் டைரக்டருக்கு மட்டும் மருதமலையை விட மனசில்லை. வெள்ளகோவில் பக்கம் நண்பனின் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீடு ஒன்று இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம். போனால் என்னென்ன பார்க்க வேண்டும்?

கிளுவைவேலி

காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் அங்கேயே இருந்து, ஒவ்வொரு வேளையும் தொட்டியில் வெயில் எங்கே விழுகிறது என்று போனில் போட்டோ எடுங்கள். ப்ளக் பாயிண்ட் எத்தனை, கரண்ட் எப்போது போகும், பக்கத்தில் போர் மோட்டார் ஓடுகிறதா, நாய் கட்டியிருக்கிறார்களா, பெண்கள் உடை மாற்ற அறை உண்டா, எல்லாம் கேட்டு வையுங்கள். கட்டிலையோ அண்டாவையோ நகர்த்துவதாக இருந்தால் நகர்த்தும் முன் ஒரு போட்டோ, போகும்போது அதே இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மருதமலைக்கு டைரக்டர் தனியாகப் போய்ச் சாமி கும்பிட்டு வரட்டும், கேமராவை வெள்ளகோவிலுக்கு அனுப்புங்கள்.