ஓட்டக் குழுவில் சேர்ந்த அனுபவம், உங்களுக்கு எப்படி?

அடையாறுக்காரி:
ஞாயிறு ஓட்டம், எலியட்ஸ் கடற்கரையில் கிளம்பி மெரினா கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புவது. 'புதியவர்களும் வரலாம், யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்ததை நம்பித்தான் போனேன். திரு.வி.க. பாலம் ஏறும்போதே முன்னால் போனவர்களின் சட்டையில் மின்னும் பட்டைகூடக் கண்ணில் படவில்லை. சாந்தோம் நெருங்கும் இடத்தில் நாலைந்து நாய்கள் சூழ்ந்துகொண்டன, இன்னும் விடியவில்லை, அசையாமல் நின்றுவிட்டேன். பேப்பர் போடும் தம்பி ஒருவன் சைக்கிளை எனக்கும் நாய்களுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, "ஓடாதீங்கக்கா, நடங்க, நான் கூடவே வரேன்" என்றான். அவன் பேர்கூடக் கேட்கவில்லை. கடற்கரைக்குத் திரும்பினால் குழு படம் எடுத்துக்கொண்டிருந்தது, "வாங்க, நீங்களும் நில்லுங்க" என்றார்கள். நான் பின்தங்கியதே அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ரேஸ்கோர்ஸ் ரவுண்டு:
இதற்குத்தான் புதுக் குழு என்றால் சுற்றுப்பாதை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் கோவை ரேஸ்கோர்ஸில் தொடங்கினோம், ஒரு சுற்று ஏறக்குறைய 2.5 கி.மீ., வேகமாக ஓடுகிறவர் இன்னொரு சுற்று போவார், மெதுவாக வருகிறவரை எப்படியும் வழியில் பார்த்துவிடுவார். அங்கே தினமும் வேட்டியோடு நடக்க வரும் பெரியவர் ஒருவர், பழைய மில் தொழிலாளி, ஒரு நாள் எங்களை நிறுத்தி, "ஏனுங்க, இதுல சேர எவ்வளவு கட்டோணுங்க?" என்றார். ஒன்றும் வேண்டாங்கய்யா என்றதும் அங்கேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு ஓடத் தொடங்கிவிட்டார். அத்தனை நாளும் பணம் கட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் ஒதுங்கியிருந்திருக்கிறார். எல்லோரும் ஒரே மாதிரி டீசர்ட் போட்டு ஓடினால் பார்க்கிறவருக்கு அப்படித்தான் தோன்றும். அப்புறம் நாங்கள் டீசர்ட் அடிக்கவே இல்லை.

மெதுவோட்டம்:
அக்கா சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. போய்வர 10 கி.மீ.க்கு மேல் வரும் ஓட்டத்துக்கு முதல் நாளே போகலாமா? நான் மெரினாவில் ஒரு குழுவில் சேர்ந்த புதிதில் உழைப்பாளர் சிலை அருகே தலை சுற்றி உட்கார்ந்தேன், கூட வந்தவர் மோர் வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான் என் கதை. ஆனால் புதியவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை உலராது, உலராவிட்டால் உடம்புச் சூடு இறங்காது, அதனால் அதிகாலை என்றாலும் வேகத்தைக் குறையுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும், வாட்சில் வரும் எண்ணைப் பார்க்காதீர்கள். நெடுந்தூரம் ஓடும்போது வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும், அது உயிருக்கே ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், கொஞ்சம் உப்பும் உள்ளே போகட்டும். வாரா வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் நாள் ஆகும்.

ஹாரோ தமிழச்சி:
மெதுவோட்டம், அவர் கேட்டது வேகத்தைப் பற்றி இல்லையே. கூப்பிட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. இங்கே லண்டனில் பார்க்ரன் இருக்கிறது, சனிக்கிழமை காலை 5 கி.மீ., காசு இல்லை. 2004இல் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கியது. அதில் டெயில் வாக்கர் என்று ஒரு தன்னார்வலர் உண்டு, எல்லோருக்கும் கடைசியாக வருவதுதான் அவர் வேலை. அம்மாவை முதல் தடவை கூட்டிப்போனேன், சேலைக்கு மேலே ஜாக்கெட், காலில் என்னுடைய பழைய சப்பாத்து. பாதி வழியில் என் காதுக்குள்ளே, "இந்தப் பிள்ளை ஏன் என்னை முந்திப் போகுதில்லை?" என்று கேட்டார். அதுதான் அவருடைய வேலை அம்மா என்றேன். அதற்குப் பிறகு அம்மா அவரோடு தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கருவேப்பிலை கன்று பற்றிப் பேசிக்கொண்டே வந்தார், என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அடையாறுக்காரி:
தம்பி, புதியவர்கள் வரலாம் என்று கூப்பிட்டது அவர்கள்தான். அடுத்த அறிவிப்பில் தூரம், வேகம், கடைசியில் யார் வருவார், மூன்றையும் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. திருவான்மியூர் பக்கம் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் போல ஓடுகிற யாராவது இருந்தால் சொல்லுங்கள், கடைசியில் நான் வருகிறேன்.