அப்பச்சியும் ஆத்தாளும் சிகாகோ போறாக: எதைக் காட்டுறது?

பள்ளத்தூர்க்காரி:
அண்ணன் டல்லாஸ்ல இருக்காக. மே கடைசியில அப்பச்சியையும் ஆத்தாளையும் கூட்டிக்கிட்டு சிகாகோ போறாக. நடு ஊர்ல, லூப் பக்கம் ஓட்டல் போட்டாச்சு. அப்பச்சிக்கு முழங்கால் தேய்மானம், கொஞ்சம் நடந்தா உக்காரணும். ஆத்தா செவ்வாய், வெள்ளி சைவம். அண்ணன் சிட்டிபாஸ் எடுக்கலாம்ங்கிறாக: அஞ்சு இடத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், அதுல ஷெட் மீன் காட்சியகமும் வில்லிஸ் கோபுரத்து ஸ்கைடெக்கும் கட்டாயம், மிச்சம் மூணு நம்ம விருப்பம். எனக்கு இது இவுகளுக்கு ஒத்துவரும்னு தோணலை. போய் வந்தவுக, பிள்ளைகளை அங்க வச்சிருக்கவுக சொல்லுங்க. சண்டை போட்டுக்கிட்டாலும் பரவாயில்லை.

முகப்பு:
பாஸ் எடுக்கச் சொல்லுங்க ஆச்சி. வில்லிஸ் கோபுரம், பழைய பேரு சியர்ஸ், 110 மாடி, 442 மீட்டர். 1998 வரைக்கும் உலகத்துலயே உசரமான கட்டடம் அதுதான். 103ஆம் மாடியில சுவத்துக்கு வெளிய நாலடி நீட்டி கண்ணாடிப் பெட்டி வச்சிருக்கான், 2009லேர்ந்து இருக்கு. அதுல நின்னா காலுக்குக் கீழ தெரு தெரியும். லிஃப்ட்டுல ஏறி லிஃப்ட்டுல இறங்குறது, முழங்காலுக்கு வேலையே இல்லை. ஊருக்கு வந்து பட்டாலையில உக்காந்து சொல்றதுக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு? ஏரிக்கரையில காத்து வாங்குனேன்னு சொன்னா யாரு கேப்பா?

ஊருணி:
உயரம் கோலாலம்பூரிலும் உண்டு, துபாயிலும் உண்டு. நம்ம ஆள்களில் பாதிப் பேர் மலேசியாவிலேயே பார்த்து முடித்தாயிற்று. சிகாகோவை சிகாகோவாக்கியது அந்த ஏரி. மிச்சிகன் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு மொத்தமே 1,30,000தான். அத்தனையும் உப்பில்லாத தண்ணீர், அதைத்தான் அந்த ஊர் குடிக்கிறது.

இதில் ஒரு கதை இருக்கிறது, அப்பச்சிக்குக் கட்டாயம் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஊர்க் கழிவெல்லாம் ஆற்றில் விழுந்தது, ஆறு ஏரியில் விழுந்தது, ஏரித் தண்ணீரை ஊர் குடித்தது. காலரா, டைபாய்டு என்று வரிசையாக வந்தன. கரையோரத் தண்ணீர் கெட்டுப்போனதும், ஏரிக்கு அடியில் இரண்டு மைலுக்குச் சுரங்கம் தோண்டி, கரையை விட்டுத் தள்ளி நீர் எடுத்தார்கள். அது 1867இல். அதுவும் போதவில்லை. 1900இல் 28 மைல் கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டார்கள். ஏரிக்குள் ஓடிய ஆறு அன்றிலிருந்து ஏரியை விட்டு வெளியே, மிசிசிப்பிப் பக்கம் ஓடுகிறது. ஆற்றோட்டத்தில் கீழே இருக்கிற மிசௌரி மாநிலத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா? 'உன் சாக்கடை எனக்கா' என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1906இல் தோற்றார்கள். குடிநீர் ஊருணியில் கால் கழுவ விடாமல் காவல் போட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. இதை அப்பச்சியிடம் சொல்லி, அந்த ஆற்றுப் பாலத்தில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். ஒரு காசு செலவில்லை.

முகப்பு:
வழக்குக் கதையைக் காரைக்குடியிலயே உக்காந்து படிச்சிரலாமே, விமானம் எதுக்கு? தண்ணி பார்க்கணும்னா தொண்டிக்கு பஸ் ஏறுங்க. அதோட மே மாசம் கரையில என்ன குளிர் தெரியுமா? ஊருக்குள்ள வெயில் அடிக்கும், ஏரித் தண்ணி இன்னும் சில்லுன்னு கிடக்கும், காத்து அங்கருந்து திரும்புச்சுன்னா சட்டுன்னு குளிர் இறங்கிரும்.

ஊருணி:
தொண்டிக் கரையில் எவன் எதைக் கட்டினாலும் கேட்க ஆளில்லை. அங்கே 1836இலேயே வரைபடத்தில் எழுதிவைத்தார்கள்: இது பொது நிலம், கட்டடம் வரக்கூடாது என்று. பிற்பாடு ஊரே அதை மறந்தபோது மான்ட்கோமரி வார்டு என்ற தபால்வழி வியாபாரி 1890இல் வழக்குப் போட்டு, இருபது வருடம் விடாமல் நடத்தி, கரையைத் திறந்தவெளியாகவே நிறுத்தினார். கோடிக்கணக்கில் விலைபோகும் நிலம், இன்று 29 கிலோமீட்டருக்கு யார் வேண்டுமானாலும் நடக்கலாம். ஒரு வியாபாரி செய்த காரியம் இது, செட்டிநாட்டில் சொன்னால் கேட்க ஆள் இருக்கும். குளிருக்கு ஸ்வெட்டர் என்று ஒன்று உண்டு.

இரண்டாங்கட்டு:
ரெண்டு பேரும் வயசானவுகளை மறந்துட்டுப் பேசுறீக. தங்கச்சி, நான் சொல்றதைக் கேளு. என் மகன் அங்க புறநகர்ல இருக்கான், நானும் போய் இருந்துட்டு வந்திருக்கேன். மிச்சிகன் அவென்யூவுல பழைய நூலகக் கட்டடம் ஒண்ணு இருக்கு, 1897ல கட்டினது, இப்ப கல்ச்சுரல் சென்டர்ங்கிறாக. உள்ள போக டிக்கெட் கிடையாது. மாடியில டிஃப்பனி கம்பெனி செஞ்ச கண்ணாடிக் கூரை, 38 அடி அகலம், கிட்டத்தட்ட 30,000 துண்டுக் கண்ணாடி. நம்ம வீட்டு நிலைக்கு மேல பெல்ஜியம் கண்ணாடி வச்சிருக்கோம்னு பெருமைப்படுற ஆத்தா அங்க போனா அசைய மாட்டாக. லிஃப்ட் இருக்கு, உக்கார இடம் இருக்கு, கழிப்பறை இருக்கு. முழங்கால் வலிக்காரவுகளுக்கு இந்தக் கடைசி ரெண்டும்தான் முதல்ல வேணும், அதை யாரும் எழுதுறதில்லை.

எதிர்த்தாப்லயே மில்லேனியம் பூங்கா. அந்தப் பெரிய பளபளப்பு 'பீன்' சிற்பம் இருக்குல்ல, அனிஷ் கபூர் செஞ்சது, அதுவும் இலவசம். லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலையும் இலவசம். ஒண்ணு மட்டும் கவனம்: அருங்காட்சியகங்கள்ல 'இலவச நாள்'னு போட்டிருப்பாக, அது பெரும்பாலும் இல்லினாய்ஸ் மாநிலத்துல குடியிருக்கவுகளுக்கு. டல்லாஸ் அடையாள அட்டையோட போய் நின்னா முழுக் காசு கேப்பான்.

வெண்சாந்து:
கட்டுமானத் தொழிலில் இருப்பவன், அதனால் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகவே சொல்கிறேன். மேலே ஏறவும் வேண்டாம், கரையில் நடக்கவும் வேண்டாம். கட்டடக்கலைப் படகில் ஏறுங்கள். ஒன்றரை மணி நேரம், உட்கார்ந்தபடியே ஆற்றில் போகும், கூடவே ஒருவர் விளக்கிக்கொண்டு வருவார். கோபுரத்தின் மேல் நின்றால் அந்தக் கோபுரத்தைத் தவிர எல்லாம் தெரியும். கட்டடத்தைக் கீழிருந்துதான் பார்க்க வேண்டும்.

1871 அக்டோபரில் அந்த ஊர் எரிந்தது. ஏறக்குறைய 17,500 கட்டடங்கள் போயின, ஒரு லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் மரத்தால் கட்டிய ஊர் அது. அந்தச் சாம்பல் மேல்தான் இரும்புச் சட்டக் கட்டடம் வளர்ந்தது. 1885இல் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம், பத்தே மாடி, வானளாவிகளில் முதலாவது என்று பலர் அதைத்தான் சொல்கிறார்கள். 1931இல் அதை இடித்துவிட்டார்கள். (காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வரிசையாகக் கிடக்கிற, இடித்த நம் வீடுகளின் தேக்குத் தூண்களைப் பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல வேண்டாம்.)

முகப்பு கொண்டாடுகிற வில்லிஸ் கோபுரத்துக்குக் கணக்குப் போட்டவர் ஃபஸ்லுர் ரகுமான் கான், டாக்காவில் பிறந்தவர். ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகச் சேர்த்து, எல்லாவற்றையும் உச்சி வரை விடாமல் சிலவற்றைப் பாதி வழியிலேயே வெவ்வேறு உயரத்தில் நிறுத்தினார். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் கூடும், கட்டடம் மெலிந்துகொண்டே போகும். உச்சிக்கு இரண்டு குழாய்கள்தான் போகின்றன. இது படகிலிருந்து பார்த்தால் விளங்கும், 103ஆம் மாடியில் நின்றால் விளங்காது.

முகப்பு:
அப்பச்சி என்ன பொறியியல் பரீட்சையா எழுதப் போறாக? சரி, பாஸ் வேணாம்னா இன்னொரு வழி. பழைய ஹான்காக் கட்டடத்துல 95ஆம் மாடியில உணவகம் இருக்கு. ஒரு காபி சொன்னா போதும், மேல்மாடிக் காட்சி ஓசி. ஆச்சிமார் பக்கத்துக் கழிப்பறை ஜன்னல்லேர்ந்துதான் காட்சி ரொம்பப் பிரமாதம்னு சொல்வாக.

இரண்டாங்கட்டு:
அந்த உணவகத்தை 2023லயே மூடிட்டாக தம்பி.

முகப்பு:
அப்ப ஸ்கைடெக்குத்தான்.

கீழச்சீவல்பட்டி:
இவ்வளவு பேசுகிறீர்கள், ஒருவர்கூட விவேகானந்தரைச் சொல்லவில்லை. 1893 செப்டம்பர் 11இல் சர்வமத மாநாட்டில் அவர் பேசியது இன்றைய ஆர்ட் இன்ஸ்டிடியூட் கட்டடத்தில். அவரைப் போகச் சொல்லித் தூண்டியவர்களில் ஒருவர் நம் பக்கத்து ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. 1897இல் திரும்பி வந்தபோது பாம்பனில் இறங்கினார், மானாமதுரையில் சிவகங்கை, மானாமதுரை மக்கள் சேர்ந்து வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். சிவகங்கைச் சீமையிலிருந்து போகிறவர்கள் அந்த வாசலில் நிற்காமல் வந்தால் எப்படி? கட்டடத்துக்கு முன்னால் இருக்கிற தெருவுக்கே அவர் பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள்.

ஊருணி:
வாசலில் நிற்கலாம், அதற்குக் காசில்லை. ஆனால் அவர் பேசிய மண்டபத்தைப் பார்க்கப் போகிறேன் என்று டிக்கெட் எடுக்க வேண்டாம். அது மாநாட்டுக்காகப் போட்ட தற்காலிக மண்டபம், அப்போதே எடுத்துவிட்டார்கள். உள்ளே ஃபுல்லர்டன் ஹாலில் நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது, அந்த ஹாலும் பிறகு கட்டியது.

கீழச்சீவல்பட்டி:
பலகைக்காக வேண்டாம், புத்தருக்காக எடுக்கட்டும். நாகப்பட்டினத்துக் கருங்கல் புத்தர், 12ஆம் நூற்றாண்டுச் சிலை, தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார், அதே கட்டடத்தில். ஊரில் யாரிடம் கேட்டாலும் 'தமிழ்நாட்டில் புத்தரா?' என்பார்கள். ஐந்து டிக்கெட்டுக்குப் பாஸ் எடுப்பதைவிட இந்த ஒரு டிக்கெட் போதும். வாரத்தில் சில நாள் விடுமுறை, பார்த்துப் போகச் சொல்லுங்கள்.

முகப்பு:
நாகப்பட்டினத்துலேர்ந்து கிளம்பிப் போன சாமியைப் பார்க்க நாமளும் அவ்வளவு தூரம் போகணுமா! கணக்கைப் பேசுவோம். பாஸ் ஒன்பது நாள் செல்லும். தனித்தனியா அஞ்சு டிக்கெட் எடுத்தா கையைக் கடிக்கும்.

வெண்சாந்து:
அஞ்சு இடமும் போனால்தான் அந்தக் கணக்கு சரி. முழங்கால் வலியோடு ஒரு நாளைக்கு ஒரு இடம் என்று வைத்தாலே பெரிது. போகாத இடத்துக்குச் சேர்த்துக் காசு கட்டிவிட்டு 'சல்லிசு' என்று எந்தச் செட்டியார் வீட்டில் பேரேடு எழுதுவார்கள்?

இரண்டாங்கட்டு:
ஆத்தாளுக்குக் கோயில் வேணும், அதை விட்டுறாதீக. அரோராவுல பாலாஜி கோயில், லெமான்ட்ல ராமர் கோயில். ரெண்டும் ஊருக்கு வெளிய, கார் வேணும், ஒரு நாளைத் தின்னுரும். லெமான்ட்ல விவேகானந்தர் சிலையும் இருக்கு, கீழச்சீவல்பட்டிக்காரருக்கும் திருப்தி. சைவ நாளைக்கு டெவான் அவென்யூ பக்கம் போனா தோசை கிடைக்கும். நம்ம வீட்டுக் கந்தரப்பத்தை எதிர்பார்க்காதீக.

பள்ளத்தூர்க்காரி:
எல்லாத்தையும் அண்ணனுக்கு அனுப்பிட்டேன். பாஸ் எடுக்கறதை நிறுத்தி வச்சிருக்காக. அப்பச்சி ஆறு திருப்பின கதையைப் படிச்சுட்டு 'மிசௌரிக்காரன் எப்படித் தோத்தான், சாட்சி பத்தலையா?'ன்னு கேக்குறாக, ஊருணி பதில் சொல்லணும். படகு முடிவாச்சு. ஆனா படகுத்துறை தெருவுக்குக் கீழ இருக்காமே, எத்தனை படி?

வெண்சாந்து:
படி உண்டு. சக்கர நாற்காலிக்காரர்களும் வருகிறார்கள், அதனால் லிஃப்ட்டோ சாய்தளமோ எந்தப் பக்கம் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மேல்தளத்தில் காற்று வெட்டும், ஆத்தாளுக்குக் காதை மூடத் துண்டு வேண்டும்.

ஊருணி:
ஆம், சாட்சிதான். மிசௌரியின் செயின்ட் லூயி நகரத்துக்கு வந்த டைபாய்டு சிகாகோ கழிவால்தான் வந்தது என்று மிசௌரியால் நிரூபிக்க முடியவில்லை. ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற மிசௌரியின் சொந்த ஊர்களே அதே ஆற்றில் கழிவு விடுகிறபோது அடுத்தவனை எப்படிச் சொல்வது என்றும் நீதிமன்றம் கேட்டது.

முகப்பு:
படகு போகட்டும், நான் தடுக்கலை. ஒரு டிக்கெட் மட்டும் தனியா ஸ்கைடெக்குக்கு எடுங்க, அதுவும் முன்கூட்டியே வேணாம். காலையில ஓட்டல் ஜன்னலைத் திறந்து கோபுரத்து உச்சி தெரியுதான்னு பாருங்க. மேகம் மூடியிருந்தா 103ஆம் மாடியில வெள்ளைச் சுவத்தைத்தான் பார்த்துட்டு வரணும்.