ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) பென்ஷன்: உங்கள் வீட்டு ஐயா (தாத்தா) கதை என்ன?

தேவகோட்டைப் பேரன்
பத்து வயதில் பார்த்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஐயா மலேயாவில் ஒரு பெட்டியடியில் (செட்டியார் வட்டிக்கடையில்) அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்ததும் படையில் சேர்ந்துவிட்டார். மற்றது உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான்: பர்மா, ரங்கூன் சிறை, வங்காளத்தில் ஜிக்கர்கச்சா கைதி முகாம், 46இல் ஊர். 1980இல் தியாகி பென்ஷனுக்கு இருந்த வருமான வரம்பை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டார். ஓர் அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர், "சிறையில இருந்ததுக்கு அத்தாட்சி?" என்றார். ஐயாவிடம் ஒரு காகிதமும் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். விறைத்து நின்று இந்துஸ்தானியில் கட்டளை போட ஆரம்பித்தார். தானே போட்டு, தானே திரும்பினார். வீட்டு உள்முற்றமான வளவுக்குள் பேசினால் வாசல் பக்கத்து முகப்பில் கேட்காத குரல் அவருக்கு. அன்றைக்கு அந்த அறையில் தட்டச்சுச் சத்தமே நின்றுபோனது. யாரோ சிரித்தார்கள். "பெரியவரே, உட்காருங்க. கூட இருந்தவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, அது போதும்."

துண்டை நீட்டினேன். வாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போதும் என் மடியில்தான் கிடந்தது.

பள்ளத்தூர் ஆயா வீடு
எல்லா அலுவலகமும் அப்படி இல்லை தம்பி. ஐயா போன பிறகு பென்ஷன் எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) மாறியது. நவம்பர் வந்தால் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க நான்தான் கூட்டிப்போவேன். எழுந்து நாற்காலி போடுவார்கள். ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வீட்டுக் கணக்கே அவர்தான் எழுதுவார். ஆனால் அங்கே மட்டும் கைநாட்டுதான் வைப்பார். மையைத் துடைக்கத் துணி கொடுத்தால் வாங்க மாட்டார். பெருவிரலை மட்டும் தனியாகத் தூக்கிப் பிடித்தபடி பஸ்ஸில் வருவார், சேலையில் படாமல். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

விதி முக்கியம்
முதலில் பதிவிட்டவருக்கு ஒன்று. அந்த அலுவலர் கேட்டதில் தப்பில்லை. படையில் இருந்தேன் என்பது மட்டும் போதாது. 1972 ஆகஸ்ட் 15இல் மத்திய அரசு திட்டம் தொடங்கியபோதே (அப்போது மாதம் 200 ரூபாய், 80இல் 300) குறைந்தது ஆறு மாதம் சிறை என்பது விதி. 80இலிருந்து பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம். சிறைப் பதிவேடு கிடைக்காதவர்கள் உடன் சிறையிருந்தவர் சான்று கொடுக்க வேண்டும். டிரில் செய்து காட்டினால் எந்தக் கோப்பில் சேர்ப்பது?

இப்போது தேடப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். 1985க்கு முன் நம் ஊர்களெல்லாம் இராமநாதபுரம் மாவட்டம், ஆட்சியர் அலுவலகமோ மதுரையில். பழைய மனுவைச் சிவகங்கையில் தேடி அலையாதீர்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன, அந்தக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் பட்டியல் பார்க்கலாம். பெயரை இனிஷியல் இல்லாமல் தேடுங்கள், இங்கிலீஷ் எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். லெட்சுமணன், லக்ஷ்மணன், எதுவாகவும் இருக்கும். அப்புறம், பேரன் பேத்திக்குப் பென்ஷன் வராது, அந்த ஆசையில் தேடாதீர்கள்.

என் கதையா? பெரியப்பா மனு இரண்டு தடவை தள்ளுபடி. மூன்றாவதில் வந்தது. அவ்வளவுதான்.

கல்லல்காரன்
உடன் சிறையிருந்தவர் சான்று என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எட்டாம் வகுப்பில் என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஐயா வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, வேறொருவருக்காக அப்படி ஒரு சான்றை எழுதினேன். "என்னோடு ஒரே கொட்டடியில்" என்று வந்ததும் நிறுத்தி, "அவுகளும் உங்களோட இருந்தாகளா ஐயா?" என்று கேட்டேன். "நீ எழுதுப்பா" என்றார்.

அவர் இருக்கவில்லை. ரங்கூன் மொகல் தெருவில், செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய ஒரு கிட்டங்கியில் சமையல்காரர். (செட்டிநாட்டிலிருந்து போனவர்கள் எல்லாரும் செட்டியார் என்று நினைப்பவர்கள் கவனிக்க.) இம்பால் போர்முனையிலிருந்து வயிற்றுக்கடுப்போடு எலும்பும் தோலுமாய் வந்த ஐயாவுக்கு, முதலாளி வீட்டு அரிசியை எடுத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர். இது எனக்குத் தெரிந்தது இருவரும் போன பிறகு. என் கையெழுத்தில் ஒரு பொய் ஏதோ ஒரு கோப்பில் இன்னும் இருக்கிறது.

விதி முக்கியம்
அது குற்றம். அப்படிப்பட்ட சான்றுகளால்தான் உண்மையானவர்கள் அலைந்தார்கள்.

கல்லல்காரன்
தெரியும் அண்ணே. அதைச் சொல்லத்தானே இங்கே எழுதினேன்.

தேவகோட்டைப் பேரன்
விதி அண்ணே, எனக்குப் பென்ஷன் வேண்டாம். இங்கே யார் வீட்டிலாவது அந்தக் கட்டளைகள் தெரிந்த ஆள் இருக்கிறாரா? இரண்டாவது கட்டளை "முட்" என்று முடியும். ஐயா அதற்கு வலப்பக்கம் திரும்பினார். மற்றது எதுவும் காதில் நிற்கவில்லை.