பாட்டி கதை இல்லாதவன் எண்ணெய் விற்க முடியாதா?

செக்கு76:
காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்து ஆறு வருடம் ஆகிறது. கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். உள்ளூர் வியாபாரம் பரவாயில்லை, வெளியூருக்கும் அனுப்பலாம் என்று ஒரு விளம்பர ஏஜென்சியிடம் போனேன். "எண்ணெயை விக்காதீங்க சார், கதையை வித்துடுங்க" என்கிறார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த கதையில் என் பாட்டி விடியற்காலையில் மாடு பூட்டிச் செக்கு ஆட்டுகிறார். நிஜத்தில் என் பாட்டி திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டியவர். செக்கு எந்தப் பக்கம் சுற்றும் என்றுகூட அவருக்குத் தெரியாது. என்னுடையது மோட்டாரில் ஓடும் வாகைமரச் செக்கு, நானும் லேத்தில் இருந்து வந்தவன். இதில் என்ன கதை இருக்கிறது? எல்லாரும் பாட்டியை வைத்துத்தானே விற்கிறார்கள், நானும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடவா?

ஈரோட்டு மஞ்சள்:
போடாதீங்க. உங்க ஊர்க்காரர் ஒருத்தர் கீழே வந்து "எந்தப் பாட்டிங்க?" என்று ஒரு வரி எழுதினால் போதும், ஆறு வருடப் பெயர் போச்சு. அப்புறம் உணவுப் பொருள் விளம்பரத்துக்கு 2018இல் வந்த விதிகள் இருக்கின்றன. 'பாரம்பரியம்', 'இயற்கை' மாதிரி வார்த்தைகளை இஷ்டத்துக்குப் போட முடியாது, நோய் தீரும் என்றெல்லாம் எழுதவே கூடாது. ஏஜென்சிக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

ஒன்று கேட்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் உங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி என்ன?

செக்கு76:
"பாக்கெட் எண்ணெயைவிட ஏன் இவ்வளவு விலை?" தினமும் இதுதான். இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு போட்டால் ஒரு லிட்டர்தான் வரும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அடுத்தது, "அடியில் ஏன் மண்டி நிற்கிறது, கலப்படமா?" வெயிலில் வைத்துத் தெளிய விட்டு வடிகட்டினாலும் கொஞ்சம் நிற்கத்தான் செய்யும். நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுவதைப் பார்த்து "சர்க்கரை ஏறாதா?" என்று பயந்தவரும் உண்டு.

பழைய ரெப்:
அட, கதையைக் கையில் வைத்துக்கொண்டா தேடுகிறீர்கள்!

நான் கடலூர், பண்ருட்டி பக்கம் சோப்பு, ஷாம்பு லைனில் அலைந்தவன் (வேறு கம்பெனி). சிக் ஷாம்பு எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1983இல் சி.கே.ரங்கநாதன் கடலூரில் 15,000 ரூபாயில் தொடங்கியது. சிக் என்ற பெயரே அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன் பெயரில் இருந்து வந்தது. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைக்க ஆரம்பித்தவரே அந்த அப்பாதான். அப்பா மகன் கதை, உருக்கமாக எடுத்துவிட்டிருக்கலாம். ஆனால் கிராமத்தில் அவர்கள் செய்தது வேறு. ஒரு பையனை உட்கார வைத்து எல்லார் முன்னாலும் தலையைக் கழுவி, முடியைத் தொட்டுப் பார், மோந்து பார் என்றார்கள். சீயக்காய் போட்ட ஊருக்கு அதுவரை ஷாம்பு என்றால் பட்டணத்துச் சமாச்சாரம். அதற்கு மேல், காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டு வந்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்றார்கள், முதலில் எந்தக் கம்பெனி காலிப் பாக்கெட் என்றாலும் சரி, கொஞ்ச நாள் கழித்து சிக் காலி மட்டும். சனங்கள் வீட்டுக்குப் போய்ப் பேசியது அந்தப் பையன் தலையைப் பற்றித்தான்.

உங்களுக்கு அந்தப் பையன் தலைதான் இரண்டரைக் கிலோ கடலை. தராசில் வைத்துக் காட்டுங்கள், செக்கில் கொட்டுங்கள், வருகிற எண்ணெயை அதே பாட்டிலில் பிடியுங்கள். அதை வீடியோ எடுத்து வெட்டாமல் போடுங்கள்.

கறார் கணக்கு:
எல்லாரும் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறீர்கள். கட்டுக்கதையும் விற்கும். 2009இல் அமெரிக்காவில் ராப் வாக்கர், ஜோஷுவா க்ளென் இருவரும் பழைய சாமான்களைச் சுமார் 129 டாலருக்கு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எழுத்தாளர்களை விட்டுக் கதை எழுதி ஈபேயில் போட்டார்கள். 3,600 டாலருக்கு மேல் போனது. ஆனால் அது கற்பனை என்று எழுதியே விற்றார்கள், வாங்கினவனும் தெரிந்துதான் வாங்கினான். பொம்மைக்கு அது சரி. சமையல் எண்ணெயை அப்படி விற்றால் ஒரு தடவைதான் வாங்குவான். உங்களுக்கு மாதாமாதம் வாங்குகிறவன் வேண்டும்.

செக்கு76:
பத்து நாள் கழித்து வருகிறேன். ஏஜென்சியை விட்டுவிட்டேன், கொடுத்த அட்வான்ஸ் போனது போனதுதான். பையனை விட்டு போனிலேயே எடுத்தேன். தராசு, கடலை, கடைசியில் பாட்டில், அவ்வளவுதான். நடுவில் கரண்டு போய்விட்டது, செக்கு நின்று நான் முழிப்பதும் அப்படியே இருக்கிறது. எண்ணெய்க்கு இதுவரை ஏழு ஆர்டர், அதில் இரண்டு சென்னை. பாட்டிலுக்கு அடுத்து புண்ணாக்கை ஓரமாகத் தள்ளி வைத்தது தெரிகிறதாம், அதைக் கேட்டு மட்டும் இருபது போன் வந்துவிட்டது.

ஈரோட்டு மஞ்சள்:
எங்க வீட்டிலும் ரெண்டு மாடு நிற்குது. கடலைப் புண்ணாக்கு கிலோ என்ன விலை போடுறீங்க?