ஸ்ட்ரீட் ஹாக்கை மறுபடி பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் என் கதை.

ஸ்ட்ரீட் ஹாக் ஒரு அமெரிக்க டிவி தொடர், சின்ன வயதில் தூர்தர்ஷனில் பார்த்தது. எங்கள் வீட்டில் டிவி கிடையாது. எதிர்வீட்டு ஹாலில், சிமெண்டுத் தரையில், செருப்பை வாசலில் விட்டுவிட்டு இடம் பிடிக்க வேண்டும். வசனம் பாதி புரியாது. புரிந்து என்ன ஆகப்போகிறது? கருப்பு பைக், கருப்பு ஹெல்மெட், அதற்குள் ஹீரோ ஜெஸ்ஸி மாக். எங்கோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நார்மன் 'ஹைப்பர்த்ரஸ்ட்' என்பார். தெரு விளக்கெல்லாம் பறக்கும். மணிக்கு 300 மைல். நம் கணக்கில் 480 கிலோமீட்டர். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அது ஆயிரம் ஆகியிருக்கும்.

2010-இல் அமெரிக்காவில் டிவிடி வந்தது. ரொம்ப வருஷம் கழித்து, அங்கிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் எனக்காக வாங்கி வந்தார். போட்டால் ஓடவில்லை. டிவிடியை ரீஜன் என்று நாட்டுவாரியாகப் பூட்டி விற்பார்களாம்; அது ரீஜன் 1 டிஸ்க், நம் ஊர் பிளேயர் ரீஜன் 5. ரிமோட்டில் ஏதோ நம்பர் அழுத்தினால் பூட்டு திறந்துவிடும் என்று யாரோ சொல்ல, இரண்டு ராத்திரி அதில் போனது. கடைசியில் பரணில் கிடந்த பேர் தெரியாத பழைய பிளேயரைத் துடைத்து மாட்டினேன். அது ரீஜன் கீஜன் எதையும் கேட்கவே இல்லை, ஓட ஆரம்பித்துவிட்டது.

அட்டையைத் திருப்பிப் பார்த்ததும்தான் முதல் அடி. மொத்தமே 13 எபிசோடு! வருஷக்கணக்கில் ஓடிய தொடர் என்று சத்தியம் செய்திருப்பேன். 1985 ஜனவரியில் ஏபிசி சேனலில் தொடங்கி மே மாதமே முடிந்துபோயிருக்கிறது. நாங்கள் அதைத் தெருவில் விளையாடிய காலம் அதைவிட நீளம்.

அடுத்தது வேகம். ஹைப்பர்த்ரஸ்ட் வருகிறது, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. படத்தை வேகமாக ஓட்டியிருக்கிறார்கள் என்று இப்போது பளிச்சென்று தெரிகிறது. அதே சந்து, அதே திருப்பம் இரண்டு மூன்று எபிசோடுகளில் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள், "ஏம்ப்பா, இவ்வளவு வேகமா போறாரே, குறுக்க ஒரு நாய்கூட வராதா?" என்றாள். பதில் இல்லை.

அப்புறம் ஏன் 13-ஐயும் பார்த்தேன் என்றால், நார்மனுக்காக. அடிபட்டு மக்கள் தொடர்பு வேலைக்குத் தள்ளப்பட்ட மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர் ஜெஸ்ஸி. அவரைத் தேடிப் பிடித்து ரகசிய பைக்கை ஒப்படைப்பவர் நார்மன். ஒப்படைத்த நாளிலிருந்து மனுஷனுக்கு நிம்மதி இல்லை. கீறல் விழுந்ததா, சொன்ன பாதையில் போனாயா, சொந்த வேலைக்கு ஏன் எடுத்தாய் என்று ஒரே புலம்பல். அப்போது எங்களுக்கு அவர் வில்லனைவிடப் பெரிய தொல்லை. இப்போது ஜெஸ்ஸி பைக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் நார்மனோடு சேர்ந்து எனக்கும் பதறுகிறது. வீட்டில் பைக் ஓட்டும் வயதில் பையன் இருக்கிறான், அதுவாகவும் இருக்கலாம்.

இசை மட்டும் அன்று கேட்ட மாதிரியே இருக்கிறது. டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் குழு போட்டது. டைட்டில் ஓடும்போது வால்யூமைக் கூட்டினேன், வீட்டில் திட்டு விழுந்தது.

*

நானும் பார்த்தேன், மதுரையில். இரண்டாவது எபிசோடில் ஜெஸ்ஸியின் பழைய கூட்டாளியாக வரும் பையனை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஜார்ஜ் க்ளூனி! தலை நிறையக் கருப்பு முடி. முதல் கதையின் வில்லன் கிறிஸ்டோபர் லாயிட். அதே வருஷம்தான் 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தில் விஞ்ஞானியாக வந்தார். அந்தப் படத்தின் கால இயந்திரக் காரை வரைந்தவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ ப்ரோபர்ட். நம் பைக்குக்கும் அவர் கை உண்டு.

*

வேகம் ஏமாற்று என்று சொல்லிவிட்டீர்கள், சரி. ஆனால் தாண்டுகிற காட்சிகளை மறுபடி பாருங்கள். நான் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன். பைலட்டில், அதாவது முதல் எபிசோடில், வரும் பைக் ஹோண்டா எக்ஸ்எல்500-ஐ வைத்துச் செய்தது. மண்ணில் ஓட்டப் பிறந்த வண்டி. அதன்மேல் இத்தனை பெரிய கூட்டை மாட்டிவிட்டுக் காற்றில் எழும்பி இறங்குவதென்றால் விளையாட்டில்லை. முன் ஃபோர்க் அடியோடு அமுங்கி எழும்புவது தெரிகிறது பாருங்கள், அங்கே ஒரு ஸ்டண்ட்காரரின் இடுப்பு என்ன பாடுபட்டிருக்கும்! கம்ப்யூட்டரில் வரைந்த பைக்குக்கு ஃபோர்க் அமுங்கினாலும் எனக்கு வலிப்பதில்லை.

*

நான் ஏமாந்த கதை சின்னது. டிவிடி வருவதற்கு முன்னால், பிளாட்பாரத்தில் ஸ்ட்ரீட் ஹாக் படம் ஒட்டிய சிடி பாக்கெட் வாங்கினேன், 3 சிடி. வீட்டில் போட்டால் மூன்றிலும் நைட் ரைடர் என்ற வேறொரு தொடர். முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் சண்டை போடப் போனேன், கடைக்காரர் இடத்தை மாற்றியிருந்தார்.

*

எங்கள் தெருவில் ஒரு பையன் ஹெர்குலிஸ் சைக்கிள் ஹேண்டில்பாரில் பழைய சிவப்பு சுவிட்ச் ஒன்றைக் கட்டியிருந்தான். ஒயர் எங்கேயும் போகாது. அதை அழுத்த ஒரு தடவைக்கு ஒரு தேன்மிட்டாய். நான் இரண்டு கொடுத்து அழுத்தியிருக்கிறேன். வண்டி வேகமாகத்தான் போனது.