மறுமொழி: டேட்டா டியரிங்குக்கு தமிழ்ல என்ன? மேனுவல், ஆட்டோமேட்டட் ரெண்டுக்கும் சேர்த்து

எல்லாருக்கும் வணக்கம்,

போன மெயில்ல வந்த 'தரவு அடுக்கமைவு' எனக்கு ஒத்துவரலங்க. அடுக்கமைவுன்னா அடுக்கி வச்சாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு ஆயிடுது. டியரிங்ல விஷயமே நகர்றதுதான். ஒரே சேமிப்பகத்துல மேல வேகமான ஃப்ளாஷ், அதுக்கு கீழ நிமிஷத்துக்கு 15,000 சுற்று சுத்தற டிஸ்க், அடியில மெதுவான 7,200 சுற்று டிஸ்க்னு மூணு அடுக்கா போட்டு வச்சுட்டு, எந்த தரவு இப்ப எங்க இருக்கணும்னு பாத்து இடம் மாத்திக்கிட்டே இருக்கணும். நகல் எடுக்கறது கிடையாது, ஒரு நேரத்துல ஒரே அடுக்குலதான் இருக்கும், அடிக்கடி கேக்கறதை வேகமான இடத்துல இன்னொரு நகலா வச்சுக்கற கேஷுக்கும் (cache) இதுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் அதுதான். அதனால நான் சொல்றது 'அடுக்குமாற்றம்'.

'தரவுப்படி'ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அதை 'தரவு சொல்றபடி'ன்னும் படிக்கலாம், நகல்னும் படிக்கலாம், ரெண்டுமே தப்பான அர்த்தம். 'தட்டு'ம் வேண்டாம், வன்தட்டுன்னு ஏற்கனவே டிஸ்க்குக்கு போயிடுச்சு. 'அடுக்கு' ஸ்டாக்குக்கும் (stack, ஒண்ணு மேல ஒண்ணா தரவை வைக்கற முறை) வருதேன்னா, வரட்டும், 'மாற்றம்' சேந்த பிறகு யாரும் ஸ்டாக்னு நினைக்க மாட்டாங்க.

அடுத்தது மேனுவல், ஆட்டோமேட்டட். எனக்கு உண்மையான கவலை இங்கதான். 'கைமுறை', 'தானியங்கி'ன்னு அப்படியே போட்டா படிக்கறவங்களுக்கு தப்பா போய் சேரும். மேனுவல்னு சொல்றதுல கூட கையால யாரும் எதையும் தூக்கி வைக்கறதில்ல. ஐபிஎம்மோட மெயின்ஃப்ரேம்ங்கற பெரிய கம்ப்யூட்டர்ல, ஃபைல்களை அடுக்கு மாத்தற எச்எஸ்எம்ங்கற மென்பொருள் 1970-கள்லயே இருக்கு, இத்தனை நாள் தொடாத ஃபைல டேப்புக்கு அனுப்புன்னு நாம விதி எழுதினா அதுவே ராத்திரி ஓடி முடிச்சுடும். அமேசானோட இணையவழி சேமிப்பகமான எஸ்3-ல, இத்தனை நாள் ஆனா இறக்குன்னு நாம எழுதற லைஃப்சைக்கிள் ரூலும் அதே ஜாதிதான், நாள் கணக்கு நம்மளோடது, நகர்த்தறது மெஷின். ஆட்டோமேட்டட்ல மாறுறது ஒண்ணே ஒண்ணு, முடிவை யார் எடுக்கறாங்கங்கறது. ஈஎம்சி கம்பெனியோட விஎன்எக்ஸ்ங்கற சேமிப்பகம் தரவை 1 ஜிபி துண்டா பிரிச்சு, பின்னாடி வந்த மாடல்ல 256 எம்பி துண்டா, எந்த துண்டுக்கு எவ்வளவு போக்குவரத்துன்னு எண்ணி வச்சு அத வச்சு மேல கீழ நகர்த்தும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-ல 1 எம்பி துண்டு, தினமும் ராத்திரி 1 மணிக்கு நகர்த்தும். ஆக ஒண்ணு நாம வகுத்த விதியால நடக்குது, இன்னொண்ணு புழக்கத்தை அளந்து நடக்குது. அதனால 'விதிவழி அடுக்குமாற்றம்', 'புழக்கவழி அடுக்குமாற்றம்'னு வச்சா சொல்லே பாதி பாடத்தை நடத்திடும்.

எது எப்போங்கற கேள்விக்கும் இந்த பிரிப்பு உதவுது. மாசக் கடைசி கணக்கு முடிக்கற டேட்டாபேஸ் எடுத்துக்கோங்க, மூணு வாரத்துக்கு மேல யாரும் சீண்ட மாட்டாங்க, புழக்கத்தை மட்டும் பாக்கற மெஷின் அதை கீழ தள்ளிடும், 30-ஆம் தேதி எல்லாரும் ஒரே நேரத்துல ரிப்போர்ட் எடுக்கறப்ப அது மெதுவான டிஸ்க்ல கிடக்கும், அளந்து மேல கொண்டு வர்றதுக்குள்ள வேலையே முடிஞ்சிருக்கும். வர்ற தேதி நமக்கு தெரியும், மெஷினுக்கு தெரியாது, அங்க விதிவழிதான் சரி. இல்லன்னா அந்த டேட்டாபேஸ் இருக்கற வால்யூமை, அதாவது சேமிப்பகத்துல அதுக்குன்னு ஒதுக்கின பகுதியை, ஃப்ளாஷ்லயே நிறுத்தி வைக்கணும், பின் பண்றதுன்னு சொல்றோமே, அதுக்கு 'அடுக்குப் பூட்டு'ன்னு வைக்கலாம்.

தலைகீழ் கேஸும் இருக்கு. நூத்துக்கணக்குல விர்ச்சுவல் மெஷின் (ஒரே கம்ப்யூட்டருக்குள்ள தனித்தனியா ஓடற மென்பொருள் கம்ப்யூட்டர்) ஓடற இடத்துல எந்த தரவுக்கு எப்ப புழக்கம் கூடும்னு எந்த அட்மினாலயும் விதி எழுத முடியாது, எழுதினாலும் அடுத்த மாசம் அது பழசு. எஸ்3-லயும் லைஃப்சைக்கிள் ரூல் கீழ மட்டுந்தான் இறக்கும், திரும்ப மேல ஏத்தாது. அதே எஸ்3-ல 2018-ல வந்த இன்டெலிஜென்ட் டியரிங்ங்கற புழக்கவழி வசதி 30 நாள் தொடாத ஆப்ஜெக்டை (எஸ்3-ல ஃபைலுக்கு அதுதான் பேரு) இறக்கி, யாராவது தொட்டா திருப்பி ஏத்திடும். அதுக்கு ஆப்ஜெக்ட் கணக்குல கண்காணிப்பு கட்டணம் உண்டு, 128 கேபிக்கு கீழ உள்ளதை அது நகர்த்தறதே இல்ல, அதனால குட்டி குட்டி ஃபைலா கோடிக்கணக்குல வச்சிருக்கறவங்களுக்கு அதுல லாபம் கிடையாது.

இன்னும் ஒண்ணு, அடிக்கடி தொடற ஹாட் டேட்டா, யாரும் தொடாம கிடக்கற கோல்ட் (cold) டேட்டாவுக்கு 'சூடான தரவு', 'குளிர்ந்த தரவு' வேண்டாம்னு கெஞ்சி கேக்கறேன். கிடப்புல போட்டாங்கன்னு நாம தினம் சொல்றோம், 'கிடப்புத் தரவு' எவ்வளவு அழகா உக்காருது, அதுக்கு ஜோடியா 'புழங்கு தரவு'. எந்த தரவுக்கு எவ்வளவு புழக்கம்னு காட்டற ஹீட் மேப் அப்போ 'புழக்க வரைபடம்' ஆயிடும், புழக்கவழியோட சேந்தும் போகும். பழைய தரவை நீண்ட நாளைக்கு போட்டு வைக்கற ஆர்க்கைவ் அடுக்குக்கு 'பரண்'னு வந்த யோசனை எனக்கும் பிடிச்சுது, ஆனா பரண் மேல இருக்கு, நம்ம அடுக்கு வரிசையில ஆர்க்கைவ் அடியில இருக்கு, ப்ரொமோட்டுக்கு 'மேலேற்றம்', டிமோட்டுக்கு 'கீழிறக்கம்'னு போட்டா பரணோட முட்டும். 'காப்பு அடுக்கு'ன்னா பேக்கப்னு நினைப்பாங்க. ஆர்க்கைவுக்கு மட்டும் வேற நல்ல சொல் யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்க, மத்ததெல்லாம் இப்படியே விக்சனரிங்கற இணைய அகராதிக்கு போகலாம்னு நினைக்கறேன்.