பாவைக்கூத்துக்காரர் மராத்தியில் சொன்னது

தோற்பாவைக் கூத்து நடத்தும் 78 வயதுப் பெரியவர் ஒருவரை நாலு மாதம் படமெடுத்தேன். தயாரிப்பாளர் கிடையாது. இரவல் கேமரா, சொந்தச் சேமிப்பு, ஒலிப்பதிவுக்கு ஒரு நண்பன். மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம்.

முதல் நாளே மூக்குடைபட்டேன். திரைக்கு முன்னால் இரண்டு எல்.ஈ.டி விளக்குகளை நிறுத்தினேன். வேட்டித் திரை சுண்ணாம்புச் சுவராகிவிட்டது, பாவைகளைக் காணோம். ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும்படி சுரண்டிச் சாயம் ஏற்றுவதே பின்னாலிருந்து வரும் வெளிச்சத்துக்காகத்தான். இதுகூடத் தெரியாமல் படமெடுக்கப் போயிருக்கிறேன்! "தம்பி, ராமனைக் கொன்றுவிட்டாயே" என்றார் பெரியவர். உள்ளே தொங்கிய குண்டு பல்பு ஒன்றே போதும் என்று தீர்ப்பானது. பிறகு நானும் திரைக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டேன். இரு கைகளிலும் பாவைகள், சீதைக்கு ஒரு தொண்டை, சூர்ப்பணகைக்கு இன்னொன்று; பக்கத்தில் அவர் மனைவி ஆர்மோனியத்தோடு. முதுகில் வழியும் வியர்வைதான் எனக்குக் கிடைத்த நல்ல காட்சி.

பேட்டிதான் தேறவில்லை. எதைக் கேட்டாலும் மேடைத் தமிழில் பதில்: தெய்வீகக் கலை, முன்னோர் தந்த வரம், அரசு கண்திறக்க வேண்டும். இருபது பேருக்காவது இதே பேட்டியைக் கொடுத்திருப்பார். அலுப்போடு கேமராவை அணைத்துவிடுவேன். அவர் வேட்டியை உதறிக்கொண்டு மனைவியிடம் போய்ப் பேசத் தொடங்குவார். மராத்தியில். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம்; வீட்டுக்குள் இன்றும் அந்தப் பேச்சுதான். சட்டையில் மாட்டிய மைக்கைக் கழற்ற நாங்கள் பலமுறை மறந்திருக்கிறோம்.

படத்தொகுப்பின்போது அந்த ஒலியைப் பெரியவரின் பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன சொல்கிறார்?"

"இந்தப் பையன் வந்த நாளிலிருந்து ராமனைப் பற்றியே கேட்கிறான். உளுவத்தலையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டானா என்கிறார்."

உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் இருவரும் கூத்தின் கோமாளிகள். ராமாயணத்துக்கு நடுவே புகுந்து ஊர் வம்பு பேசுகிறவர்கள். தூங்கி வழியும் கூட்டம் எழுந்து உட்காருவது அவர்களுக்காகத்தான். நான் அவர்களை இடைவேளைச் சமாச்சாரம் என்று ஒதுக்கியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறினேன். உளுவத்தலையன் எப்படிப் பேசுவான் என்று கேட்டதுதான் தாமதம், இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் முதல் என் கேமரா வரை எதையும் விட்டுவைக்கவில்லை. மேடைத் தமிழ் மாயமாகிவிட்டது.

தெரியாமல் பதிவான பேச்சைப் படத்தில் சேர்ப்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. முழுவதையும் அவரிடம் போட்டுக் காட்டி அனுமதி கேட்டேன். மனைவியும் உடனிருந்தார். இருவரும் கொஞ்ச நேரம் மராத்தியில் வாக்குவாதம் செய்தார்கள்.

"வைத்துக்கொள். மருமகன் கடன் வாங்கிய கதையை மட்டும் வெட்டிவிடு" என்றார் பெரியவர்.

வெட்டிவிட்டேன்.